பக்கத்து வீட்டு அம்மா விட்டுப்போன எழுத்து மேசை: 1800 காலத்ததா, பின்னால் செய்த நகலா?

நாஷுவா_மேசை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஹாம்ப்ஷயரில் நாஷுவாவில் இருக்கிறோம். பக்கத்து வீட்டில் 91 வயது அம்மா ஒருவர் தனியாக இருந்தார். பியானோ சொல்லிக்கொடுத்தே வாழ்ந்தவர். 11 குளிர்காலமாக அவர் வீட்டு வாசல் பனியை என் கணவர்தான் தள்ளினார். என் மகள் அவரிடம்தான் பியானோ படித்தாள். இந்த ஜனவரியில் காலமாகிவிட்டார்.

அவருடைய மகள் ஓரிகனிலிருந்து வந்து வீட்டைக் காலி செய்தபோது, "அம்மா இதை உங்களுக்குத்தான் கொடுக்கச் சொன்னார்" என்று கூடத்தில் இருந்த எழுத்து மேசையைக் கொடுத்துவிட்டுப் போனார். "வாஷிங்டன் காலத்து மேசை, போர்ட்ஸ்மவுத்தில் இருந்த எங்கள் பாட்டி வீட்டிலிருந்து வந்தது" என்று அந்த அம்மா எப்போதும் சொல்வார். நாங்கள் சும்மா கேட்டுக்கொள்வோம்.

அகலம் 38 அங்குலம், உயரம் 46. கீழே மூன்று டிராயர். அதற்கு மேலே எழுதுவதற்கு ஒரு மடிப்புப் பலகை. விரித்தால் உள்ளே பச்சைத் துணி ஒட்டியிருக்கிறது, பூச்சி அரித்த துணி. மேல் பாகத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய மரச் சட்டங்களால் ஆன கதவு, கடை ஷட்டரைப் படுக்கப் போட்டுப் பக்கவாட்டில் தள்ளுவதுபோல் நகர்ந்து உள்ளே மறைந்துவிடுகிறது. இடப்பக்கக் கதவு பாதியில் சிக்குகிறது. கதவுக்குப் பின்னால் சின்னச் சின்ன மாடங்கள். மரம் சிவப்பு கலந்த பழுப்பு. டிராயர் முகத்தில் மட்டும் நடுவில் நெருப்புக் கொழுந்துபோல் ரேகை ஓடும் வெளிர்நிறப் பலகை. அதைச் சுற்றி நூல் கனத்துக்கு வெள்ளைக் கோடு பதித்திருக்கிறார்கள். முன்கால் இரண்டிலும் மேலிருந்து கீழே மணிப்பூச் சரம், ஒவ்வொரு பூவுக்கும் மூன்று இதழ்.

போன வாரம் பழம்பொருள் வியாபாரி ஒருவரை அழைத்துக் காட்டினேன். ஒரு டிராயரைக்கூட வெளியே எடுக்கவில்லை. "நூறு வருடத்து நகல், 300 டாலர் தருகிறேன், வண்டி வெளியே நிற்கிறது" என்றார். நான் கொடுக்கவில்லை.

எனக்கு இதை விற்கும் எண்ணம் இல்லை. ஆனால் உண்மையிலேயே பெரிய விலை போகும் பொருள் என்றால், அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் என் வீட்டில் வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. அம்மாவை இழந்த துக்கத்தில் யோசிக்காமல் கொடுத்திருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது, யாரிடம் கேட்பது? படமும் போட்டிருக்கிறேன்.

டாலஸ்_வீடு எழுதியது:

அருமையான மேசை அக்கா. படத்தில் மேல்பலகை மங்கி, டிராயர் முகமெல்லாம் கறுத்துக் கிடக்கிறதே. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இரண்டு கோட் பாலியூரித்தேன் அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். நான் எங்கள் சாப்பாட்டு மேசையை அப்படித்தான் செய்தேன். கைப்பிடியையும் மாற்றிவிட்டால் நல்ல விலைக்குப் போகும்.

இழைப்புளி எழுதியது:

சகோதரி, தயவுசெய்து உப்புத்தாளைத் தொடாதீர்கள். தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார், சாப்பாட்டு மேசைக்கு அது சரி. இதில் அந்தக் கறுப்பும் மங்கலும்தான் சாட்சி. தேய்த்துவிட்டால் திரும்ப வராது, விலையும் அதோடு போய்விடும்.

நான் டெலவேரில் வில்மிங்டன் பக்கம் மரச்சாமான் பழுதுபார்க்கும் பட்டறையில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். அப்பா கும்பகோணத்தில் தச்சர். இங்கே பக்கத்தில்தான் வின்டர்தர் அருங்காட்சியகம். டூ பான்ட் குடும்பத்தார் ஒருவர் சேர்த்த அமெரிக்க மரச்சாமான்கள் அங்கே அறை அறையாக இருக்கின்றன. லீவு கிடைத்தால் போய் நிற்பேன். அதனால் இந்த மாதிரி மேசையைப் படத்தில் பார்த்தாலே கை பரபரக்கிறது.

நீங்கள் சொல்வது டாம்பூர் மேசை. மெல்லிய சட்டங்களைத் துணியில் ஒட்டிச் செய்த அந்த நகரும் கதவுக்குத்தான் டாம்பூர் என்று பெயர். பாணிக்கு ஃபெடரல் என்று பெயர். சுதந்திரப் போர் முடிந்து புது அரசாங்கம் அமைந்த காலம், சுமாராக 1790 முதல் 1820 வரை. லண்டனில் 1788இல் ஹெப்பிள்வைட் என்ற தச்சர் பெயரில் வந்த மரச்சாமான் மாதிரிப் புத்தகமும், 1791 முதல் ஷெரட்டன் வெளியிட்டதும் கப்பலேறி இங்கே துறைமுக ஊர்களுக்கெல்லாம் வந்தன. வளைந்த கால் போய்க் கீழே போகப்போக மெலியும் நேர்க்கால் வந்தது. ஆழமான செதுக்கு வேலை போய், மரத்துக்குள் மரம் பதிக்கும் வேலை வந்தது. வாஷிங்டன் ஜனாதிபதியாக இருந்தது 1789 முதல் 1797 வரை. ஆக அந்த அம்மா சொன்னது பாணிக்குப் பொருந்துகிறது.

ஆனால் பாணியை வைத்துக் காலம் சொல்ல முடியாது. 1876இல் பிலடெல்பியாவில் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தது. அதையொட்டிப் பழைய அமெரிக்காவின் மேல் ஊருக்கே ஆசை வந்துவிட்டது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இதே வடிவங்களைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அதில் சிலது அற்புதமான வேலை, முன்பக்கம் பார்த்து நானே தடுமாறியிருக்கிறேன். எனவே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தச்சர் நினைத்த இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

டிராயரை முழுதாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்புங்கள். பக்கப் பலகையும் முகமும் சேரும் இடத்தில் புறாவால் மூட்டு இருக்கும், புறா வால்போல் விரிந்த பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தது. எல்லா வாலும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருந்தால் எந்திர வேலை. அரைவட்டத்துக்குள் புள்ளி வைத்ததுபோல் இருந்தால் 1870களுக்குப் பிறகு வந்த ஒரு எந்திரம். ஒன்றுக்கொன்று சிறிது மாறி, ஓரத்தில் குறிமுள்ளால் கீறிய கோடு தெரிந்தால் கைவேலை. பிறகு டிராயரின் அடிப்பலகையைக் கீழ்ப்பக்கம் விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத அலை விரலுக்குத் தெரியும், இழைப்புளி ஓடிய தடம் அது. பின்பக்கப் பலகையில் ரம்பத் தடம் நேர்க்கோடாக இருக்கிறதா, வில்போல் வளைந்திருக்கிறதா? வளைந்திருந்தால் வட்டரம்பம், அது பெரும்பாலும் 1830க்குப் பிறகு.

உள்மரம் என்ன என்பது மிக முக்கியம். வெளியே மஹோகனி, அது கரீபியன் பக்கத்திலிருந்து வந்த மரம், லண்டனிலும் உண்டு பாஸ்டனிலும் உண்டு. உள்ளே போடும் மலிவு மரம்தான் ஊரைச் சொல்லும். நியூ இங்கிலாந்தில் வெள்ளைப் பைன். பென்சில்வேனியா, மேரிலாந்து பக்கம் போனால் பச்சை ஓடும் டியூலிப் பாப்ளர், மஞ்சள் பைன். இங்கிலாந்து என்றால் ஓக்கும் ஸ்காட்ஸ் பைனும். கண்ணால் தீராவிட்டால் சிறு சில்லு போதும், விஸ்கான்சினில் மேடிசனில் இருக்கும் அரசாங்க மர ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள்.

மடிப்புப் பலகையின் கீலில் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றுங்கள். சரியான அளவுத் திருப்புளி வேண்டும், இல்லாவிட்டால் காடி சிதைந்துவிடும். முனை மொண்ணையாக இருக்கிறதா, கூராக இருக்கிறதா பாருங்கள். கூர்முனைத் திருகாணி 1840களின் கடைசியில்தான் பரவியது.

அப்புறம் மணிப்பூ இதழ்களை மிகக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். இதழின் ஒரு ஓரம் கருகி நிழல்போல் இருக்கும். வெட்டிய சில்லைக் கொதிக்கும் மணலில் ஓரமாகச் சொருகி எடுப்பார்கள். நம் ஊரில் கடலை வறுக்கும் மணல் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே சூடு, அதே கணக்கு. ஒரு நொடி கூடினால் கரி, குறைந்தால் நிழல் விழாது.

கலிஃபோர்னியா_கூடம் எழுதியது:

அக்கா, யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்! பழம்பொருளைக் கொண்டுபோனால் வல்லுநர்கள் பார்த்து விலை சொல்லும் ஆன்டிக்ஸ் ரோட்ஷோ டிவி நிகழ்ச்சியில் ஒருவர் வீட்டு வாசல் விற்பனையில் 25 டாலருக்கு வாங்கிய சின்ன மேசையைக் கொண்டுவந்தார். பாஸ்டன் சீமோர் பட்டறையில் செய்தது என்று கண்டுபிடித்தார்கள். 1998இல் சாதபீஸ் ஏலத்தில் 5,41,500 டாலருக்குப் போனது. சீமோர்கள் டாம்பூர் மேசையில்தான் பேர் போனவர்கள். உங்களுடையதும் அதுவாக இருந்தால்?

இழைப்புளி எழுதியது:

அந்த ஏலம் உண்மைதான். ஜான் சீமோரும் மகன் தாமஸும் இங்கிலாந்தில் டெவன் பக்கத்திலிருந்து 1784இல் மெய்ன் மாநிலத்துக்கு வந்து, 1793இல் பாஸ்டனுக்கு இடம் மாறியவர்கள். ஆனால் அந்த மேசையில் அவர்கள் பெயர் போட்டு ஒட்டிய சீட்டு இருந்தது. சீட்டில்லாமல் டாம்பூர் கதவு இருக்கிற எல்லாவற்றையும் சீமோர் என்று சொல்லும் வழக்கத்தால் பல குடும்பங்கள் வீணாக ஆசைப்பட்டு ஏமாந்திருக்கின்றன. சகோதரி, மாடங்களுக்குள் வெளிர் நீலப் பச்சை வண்ணம் பூசியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அவர்கள் வேலையில் அது அடிக்கடி வரும். இருந்தாலும் அது மட்டுமே சான்று ஆகாது.

நாஷுவா_மேசை எழுதியது:

மூன்று இரவு உட்கார்ந்து பார்த்தோம் அண்ணா. மகன் டார்ச் பிடித்தான்.

மாடங்களுக்குள் வண்ணம் இல்லை, வெறும் மரம். டிராயரின் பக்கத்துக்கு நான்கு வால், ஒன்றுகூட இன்னொன்றைப்போல் இல்லை. கீறிய கோடு தெளிவாகத் தெரிகிறது. அடிப்பலகையைத் தடவியபோது நீங்கள் சொன்ன அலை விரலுக்குத் தட்டுப்பட்டது. என் மகன், "அம்மா, இது யாரோ கையால் தள்ளினது இல்லையா?" என்று திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டே இருந்தான். உள்மரம் தேன் நிறத்தில், நகம் பட்டாலே பதிகிறது. மேடிசனுக்குச் சில்லு அனுப்பவில்லை, ஆனால் இங்கே மரக்கடையில் வேலை பார்க்கும் பெரியவர் பார்த்த உடனே வெள்ளைப் பைன் என்றார். பின்பலகை ஒரே துண்டு, 17 அங்குல அகலம். ரம்பத் தடம் நேர்க்கோடு. அதில் மட்டும் வட்டத் தலை வைத்த கம்பி ஆணி இரண்டு இருக்கின்றன.

திருகாணி மொண்ணை. தலையில் இருக்கும் காடி நடுவில்கூட இல்லை, ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது.

டிராயர் முகத்தின் உள்பக்கம் கைப்பிடிக்கு இரண்டு துளை, நடுவில் மரக்கட்டை அடித்து அடைத்த இன்னொரு பெரிய துளை. பித்தளைத் தகடு நீள்வட்டம். உள்ளே இருக்கும் மரை ஆறு மூலையோடு புதிதாகத்தான் தெரிகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் செய்தேன். எங்கோ படித்துவிட்டு ஒரு புற ஊதா டார்ச் வாங்கி, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அடித்துப் பார்த்தேன். டிராயரும் கால்களும் ஆரஞ்சாக ஒளிர்ந்தன. மேல்பலகை மட்டும் ஒளிராமல் செத்துக் கிடந்தது. வலது முன்காலின் கீழ்ப்பாகமும் அப்படியே.

சிக்கிய கதவை மெல்ல நகர்த்தியபோது பின்னாலிருந்து ஒரு காகிதம் விழுந்தது. அந்த அம்மா கையெழுத்தில் பாடம் படிக்க வருகிறவர்கள் பட்டியல். செவ்வாய் 4 மணிக்கு என் மகள் பெயர் இருந்தது.

இழைப்புளி எழுதியது:

படங்களுக்கு நன்றி. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

என் கண்ணுக்கு இது காலத்துப் பொருள்தான், 1800ஐ ஒட்டிச் செய்தது. நகல் இல்லை. மூட்டு, உள்மரம், ரம்பத் தடம், திருகாணி எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றன. ஒரு சான்று பொய்யாக இருக்கலாம், இத்தனையும் சேர்ந்து பொய்யாக இருப்பது அரிது. இன்னொன்றும் உங்கள் படத்தில் தெரிந்தது. டிராயர் முகத்தின் விளிம்பில் மேலொட்டுப் பலகையின், அதாவது அழகுக்காக மேலே ஒட்டிய மெல்லிய மரத்தின், கனம் தெரிகிறது, கிட்டத்தட்ட அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. கையால் அறுத்த ஒட்டுப்பலகை. பிற்காலத்தில் எந்திரக் கத்தியால் சீவியது காகிதம்போல் இருக்கும். டிராயரில் நின்ற வாக்கில் ஓடும் வெள்ளைக் கோடுகளைத் தடவிப் பாருங்கள், சற்றே எழும்பியிருக்கும். 200 வருடத்தில் டிராயர் முகம் உயரவாட்டில் சுருங்கிவிட்டது. கோடு நீளவாட்டில் சுருங்காது. இடம் போதாமல் மேலே எழும்புகிறது. இதை யாரும் போலியாகச் செய்ய மாட்டார்கள்.

மஹோகனியோடு நெருப்பு ரேகை பிர்ச் மரத்தைச் சேர்ப்பது போர்ட்ஸ்மவுத்திலும் அதற்குத் தெற்கே மாசசூசெட்ஸ் கடலோர ஊர்களிலும் விரும்பிச் செய்த வேலை. அந்த அம்மாவின் பாட்டி வீடு போர்ட்ஸ்மவுத் என்றீர்கள். இரண்டும் பொருந்துகின்றன. செய்தவர் பெயரை மட்டும் சீட்டோ கையெழுத்தோ இல்லாமல் நான் சொல்ல மாட்டேன்.

இப்போது குறைகள். ஆரஞ்சாக ஒளிர்வது அரக்கு மெருகு, நம் நாட்டிலிருந்து வரும் அதே அவலரக்குதான். அது 1800இல் பூசியது என்று சொல்ல முடியாது, ஆனால் பழையது. மேல்பலகையை யாரோ சுரண்டிப் புது வார்னிஷ் அடித்துவிட்டார்கள். வலது முன்கால் நடுவில் ஒடிந்திருக்கிறது. உள்பக்கம் சாய்வாக ஒட்டிய கோடு நான்காவது படத்தில் தெரிகிறது. அதற்குக் கீழே உள்ள மூன்று பூவில் நிழல் கருகல் இல்லை, பேனா மை. இடது காலில் கருகல் மரத்துக்குள்ளேயே இறங்கி மெல்ல மறைகிறது, வலது காலில் மேலே உட்கார்ந்திருக்கிறது. கைப்பிடி மூன்றாம் தலைமுறை. முதலில் பித்தளை, பிறகு விக்டோரியா காலத்தில் நடுவில் மரக்குமிழ், பிறகு மறுபடி பித்தளை. கம்பி ஆணி 1890 வாக்கில் யாரோ அடித்தது. இதெல்லாம் 200 வருடம் புழங்கிய சாமானுக்கு வருவதுதான், ஆனால் விலையில் ஒவ்வொன்றும் கழியும்.

காப்பீட்டுக்_கணக்கு எழுதியது:

வணக்கம் மா. நான் நியூ ஜெர்சியில் வீட்டுக் காப்பீட்டுத் துறையில் இருக்கிறேன். மதிப்பீட்டு அறிக்கைகள் தினமும் என் மேசைக்கு வரும்.

"விலை என்ன" என்று மட்டும் கேட்காதீர்கள், எதற்கான விலை என்று கேளுங்கள். ஏலத்தில் விருப்பப்பட்டு விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொள்ளும் விலை ஒன்று. நெருப்பில் போய்விட்டால் அதேபோல் ஒன்றைக் கடையில் வாங்க ஆகும் விலை வேறு, அது இரண்டு மூன்று மடங்குகூட இருக்கும். காப்பீட்டுக்கு எழுதிய தொகையைப் பார்த்துவிட்டு, விற்றால் அவ்வளவு வரும் என்று நம்பி மனம் உடைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதோடு, பழைய பழுப்பு மரச்சாமான்களுக்கு இந்த 20 வருடத்தில் சந்தை மிகவும் இறங்கிவிட்டது. சின்ன வீடு, வெள்ளைச் சுவர் என்று இளையவர்களின் ரசனை மாறிவிட்டது.

மதிப்பிடுபவரை அமெரிக்க மதிப்பீட்டாளர் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் தேடுங்கள், அமெரிக்க மரச்சாமானில் பழகியவரா என்று கேளுங்கள். கட்டணம் மணிக்கணக்கிலோ ஒரே தொகையாகவோ இருக்க வேண்டும். பொருளின் மதிப்பில் சதவீதம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவர்கள் தொழில் விதியே அதைத் தடுக்கிறது. மதிப்பிட வந்தவரே "நான் வாங்கிக்கொள்கிறேன்" என்றாலும் அப்படியே. உங்கள் வாசலில் வண்டியோடு வந்தவர் சொன்னது மதிப்பீடு இல்லை மா, பேரம். பின்னாளில் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து 5,000 டாலருக்கு மேல் வரிக்கழிவு கேட்பதாக இருந்தால், தகுதி பெற்றவர் எழுதிய அறிக்கை கட்டாயம் வேண்டும்.

நாஷுவா_மேசை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கான்கார்டிலிருந்து ஒரு பெண் மதிப்பீட்டாளர் வந்தார். 275 டாலர், முன்கூட்டியே சொன்ன தொகை. இரண்டரை மணி நேரம் இருந்தார். பாதி நேரம் தரையில் படுத்துக் கீழேதான் பார்த்தார். இழைப்புளி அண்ணா சொன்னதை நான் சொல்லாமலே, அவரும் வலது கால், மேல்பலகை, கைப்பிடி மூன்றையும் சொன்னார். நியூ ஹாம்ப்ஷயர் கடலோரம் அல்லது மாசசூசெட்ஸ் வடகரை, 1795 முதல் 1810க்குள் என்று எழுதியிருக்கிறார். ஏலத்தில் 1,400 முதல் 1,800 டாலர். காப்பீட்டுக்கு 4,200.

அறிக்கையை அப்படியே ஸ்கேன் செய்து, படங்களோடும் அந்தப் பாடப் பட்டியலோடும் ஓரிகனில் இருக்கும் அம்மாவின் மகளுக்கு அனுப்பினேன். மேசையை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அனுப்பும் செலவு எங்களுடையது என்று எழுதினேன். அன்று இரவே கூப்பிட்டார். தொகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கால் எப்படி ஒடிந்தது என்று அவருக்குத் தெரியுமாம். 1960களில் அவரும் அண்ணனும் மேசைக்கு அடியில் குகை கட்டி விளையாடி இழுத்ததில் ஒடிந்ததாம். அவருடைய அப்பா யாரிடமோ கொடுத்து ஒட்டி வாங்கினாராம். பட்டியலை மட்டும் அசலாக அனுப்பச் சொன்னார். மேசை எங்களிடமே இருக்கட்டும் என்று கையெழுத்திட்டு ஒரு கடிதமும் அனுப்பிவிட்டார். காப்பீட்டில் சேர்த்துவிட்டோம்.

அண்ணா, ஒன்று மட்டும் பாக்கி. இடது கதவுச் சட்டங்களைப் பின்னால் பிடித்திருக்கும் துணி கிழிந்துதான் சிக்குகிறது. ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போட்டு ஒட்டலாமா?

இழைப்புளி எழுதியது:

வேண்டாம் சகோதரி. வெள்ளைப் பசை காய்ந்தால் அடுத்த முறை சட்டத்தைப் பெயர்க்காமல் பிரிக்க முடியாது. முதலில் ஒட்டியிருப்பது வஜ்ஜிரம், மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை, அதையே போட வேண்டும். ஈரச் சூடு காட்டினால் பிற்பாடு பிரியும். கதவை இனி நகர்த்தாமல் வையுங்கள். சட்டம் ஏதாவது விழுந்தால் எந்த இடத்தில் இருந்தது என்று பின்பக்கம் பென்சிலில் எண் போட்டு உறையில் வையுங்கள். மே மாதம் பாஸ்டன் பக்கம் ஒரு வேலைக்கு வருகிறேன், நாஷுவா அங்கிருந்து ஒரு மணி நேரம்தான். மெல்லிய லினன் துணியும் வஜ்ஜிரச் சட்டியும் எடுத்துவருகிறேன். காய்ச்சும்போது நாற்றம் அடிக்கும், அடுப்பைப் பின்வாசலில் வைத்துக்கொள்ளலாம்.